மூன்றாம் பாட்டில் ஒரு கம்ப்ரஸர்

செகாம்புட்டில் இரவிலும் லாரி வந்து நிற்கும்
டயர் கடைக்கு மேலே எங்கள் ஸ்டூடியோ.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
மணிக்கு நாற்பது வெள்ளி,
ஏர்கோன் போட்டால் நாற்பத்தைந்து.
நாங்கள் போடவில்லை.

பதினொரு இரவுகள்.
சற்குணன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாடினான்.
ஆ கியோங்குக்குத் தமிழ் தெரியாது;
எந்தச் சொல்லில் பாடுகிறவன் தாடை இறுகுமோ
அந்தச் சொல்லில் டிரம்ஸை அடிப்பான்.
நான் பேஸ்.
இருந்தால் கேட்காது, இல்லாவிட்டால் தெரியும்.

மூன்றாம் பாட்டைத் தொட்டாலே
கீழே கம்ப்ரஸர் உறுமும்.
ஒன்பது முறை நிறுத்தினோம்.
பத்தாவது முறை சற்குணன் நிறுத்தவில்லை.
முறுக்காணிகளைத் திருகித் திருகி
கித்தாரை அந்த உறுமலுக்கு இறக்கினான்.
"இனி இவன்தான்டா நமக்குச் சுருதிப் பெட்டி."

ஆயிரம் சிடி அடித்தோம்.
என் மோட்டார் விற்ற காசும் அதில் உண்டு.
விற்றது அறுபத்து மூன்று.
வானொலிக்காரர் இருபது விநாடி கேட்டுவிட்டு
கல்யாண விருந்துக்குப் போடுகிற மாதிரி ஏதும் இருக்கா என்றார்.
ஒரு வார இதழ் ஒற்றை வரி எழுதியது:
இரைச்சல்; அட்டைப்படம் அழகு.

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையில்
ஐம்பது வைத்துவிட்டு வந்தோம்.
ஆறு மாதம் கழித்து
ஐம்பத்தொன்றைத் திருப்பித் தந்தார்கள்.
வேறெங்கோ வாங்கிய புண்ணியவான்
இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
அன்றைக்கு நாங்கள் மூவரும்
படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பைப்
பதிவு செய்திருக்கலாம்.

சற்குணன் இப்போது கிள்ளான் துறைமுகத்தில்
கொள்கலன்களை எண்ணுகிறான்.
கேட்டால், "அது ஒரு காய்ச்சல், விட்டிருச்சு."
மீந்த தட்டுகளில் கொஞ்சம்
என் பதினாலாம் மாடி பால்கனியில்
புறா விரட்டத் தொங்குகின்றன.
புறாக்களும் மதிப்பதில்லை.

நேற்று பள்ளி வேனுக்குக் காற்றடிக்க
அதே கடையில் நிறுத்தினேன்.
மாடியில் டியூஷன் சென்டர்,
கம்பி ஜன்னலில் பெருக்கல் வாய்ப்பாடு.
பையன் குழாயைச் செருகினான்.
கம்ப்ரஸர் தொடங்கியது.
அதே சுருதி,
வயதானதில் ஒரு மயிரிழை கீழே.

ஸ்டீயரிங்கில் விரல்கள் தாமாக எண்ணின.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
கித்தார் நுழைய வேண்டிய இடத்தில்
பையன் தலையை நீட்டி
"போதுமா அண்ணே?" என்றான்.

கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றேன்.