கவிழ்ந்த கல்

எடைமேடைக்கு ஞாயிறன்று விடுமுறை கிடையாது.
நான்தான் எடுத்துக்கொள்கிறேன்.
ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டிகள் இறங்கும் சத்தத்தைப்
பின்னால் விட்டு, ரயில்வே கேட் திறக்கும்வரை
ஒரு காலை ஊன்றி நிற்கிறேன்.
ஓசூரில் யாரோ ஓட்டிச் சலித்து விற்ற சைக்கிள்.
முன் சஸ்பென்ஷன் இருமும். பின் பிரேக்
என் சித்தப்பாவைப் போல:
கத்தும், பிடிக்காது.

கேட்டுக்கு அப்பால் திம்மராயனும் நயாஸும்.
ஒருவனுக்கு கிரானைட் பட்டறை, ஒருவனுக்கு பஞ்சர் கடை.
வணக்கமெல்லாம் இல்லை.
"காத்து இருக்கா?"
அவ்வளவுதான்.

கோட்டைக்குப் படிக்கட்டு உண்டு, படிக்கட்டு எங்களுக்கு ஆகாது.
மைசூர்க்காரன் ஏறியது, வெள்ளைக்காரன் பீரங்கி இழுத்தது,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறிப் பெயர் கிறுக்கியது
எல்லாம் அந்தப் பக்கம்.
நாங்கள் பின்சரிவு.
யாரும் முற்றுகையிட நினைக்காத பக்கம்.

அங்கே வழி போட்டவை ஆடுகள்.
நாங்கள் பெயர் மட்டும் வைத்தோம்:
தேள்முடுக்கு. சறுக்குப் பாறை.
லாரிக்காரன் திருப்பம். லாரி எதுவும் அங்கே வந்ததில்லை,
நயாஸின் மாமா லாரிக்காரர்,
ஒருமுறை ஆசைப்பட்டு ஓட்டி விழுந்தார்.
அப்புறம், பலகை.

பலகை என்பது ஒரு கல்.
ஆள் நீளம். மேல்முகம் வழுவழு.
ஒரு முனை மண்ணில், மறுமுனை தூக்கிக்கொண்டு
யாரோ எங்களுக்காகவே சாய்த்து வைத்த மாதிரி.
இறக்கத்தில் பிரேக்கை விட்டால்
டக்கென்று ஓர் ஓசை,
பிறகு ஓசையே இல்லை.
கீழே மாந்தோப்பு, புளியமரம், தண்டவாளத்தின் ஒரு துண்டு.
அந்த அரை நொடிக்காகத்தான்
ஆறு நாள் லாரிகளை நிறுக்கிறேன்.
அந்த அரை நொடியில் எனக்கு எடை இல்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
அடுத்த ஞாயிறு சேற்றில் செயின் அறுந்தது.
தள்ளிக்கொண்டு இறங்குகிறவளுக்கு
மலை நீளமாகிவிடுகிறது.
பலகைக்கு அடியில் மண் கரைந்து
ஒரு கை நுழையும் சந்து.
போன் வெளிச்சத்தில்
ஒரு கால்.

செதுக்கிய கால். கழல் போட்டது.
முழங்கால் மடங்கி, முன்னால் பாய்கிற கால்.
அதன் பக்கத்தில் வாள்நுனி என்று நினைக்கிறேன்.
அதற்கும் அப்பால் மாட்டின் கொம்பு, இல்லையென்றால் வேர்.
முகம் மண்ணுக்குள்.

நாற்பது ஞாயிறு. மூன்று பேர்.
ஞாயிறுக்கு நாலைந்து தடவை.
கணக்குப் போடுவது என் வேலை.
போடவில்லை.

"வேடியப்பன்டா" என்று திம்மராயன் ஷூவைக் கழற்றினான்.
முள் குத்தியதும் மாட்டிக்கொண்டான்.
முதுகைக் கொடுத்து நெம்பிப் பார்த்தான்.
கல் அறுப்பவன், "ஒரு டன்" என்றான்.
நான் கண்ணால் பார்த்து எழுநூறு கிலோ என்றேன்.
எங்கள் தகராறுக்கு நடுவே
அது அப்படியே கிடந்தது.

நயாஸ்தான் கேட்டான்:
"எதுக்காகச் செத்தான்?"
"மாட்டுக்காக இருக்கும்."
"யாரு மாடு?"
எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

ஆடுகள் சுற்றித்தான் போகின்றன. அன்றைக்குத்தான் கவனித்தேன்.
புழுக்கை வரிசை
கல்லை விட்டு இரண்டடி தள்ளி வளைகிறது.
பக்தி ஒன்றும் இல்லை.
அந்தப் பக்கம் புல்.

இப்போது நாங்களும் அங்கே வளைகிறோம்.
வளைந்தால் வேகம் போகும், வேகம் போனால்
அடுத்த மேட்டை மிதித்துத்தான் ஏற வேண்டும்.
பதினொரு நொடி நஷ்டம் என்று
வாரா வாரம் போனைப் பார்த்து நயாஸ் வாசிக்கிறான்.
கல்லை நெருங்கும்போது நான் பின் பிரேக்கை அழுத்துகிறேன்.
மலை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறது.
மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்கிறான்.

அடுத்த மாதம் பார்க்கலாம் என்று
சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.