மெய்யின் மேல் புள்ளி

பொங்கோலில்
கார் நிறுத்தும் கட்டடத்தின் எட்டாம் தளத்தில்
யாரும் கார் நிறுத்துவதில்லை.
வெயில் அப்படி.
அங்கேதான் எங்கள் கம்பம். உச்சியில் சுழலி.
அதில் நான் இழைத்த மூன்று இறக்கைகள்.

ஒல்லி. அடி முதல் நுனி வரை ஒரே அகலம், ஒரே சாய்வு.
கத்தி மாதிரி இருக்கிறது என்றாள் செங் ஹுய்.
எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

காற்றுமானியில் விநாடிக்கு இரண்டு புள்ளி ஒன்று மீட்டர்.
இரண்டு புள்ளி மூன்று.
ஜொகூர் நீரிணையைத் தாண்டி வரும் காற்று
நாலு வீவக அடுக்குமாடிகளில் தோள் உரசி,
மூங்கில் கழிகளில் காயும் யார் யார் சட்டைக்குள்ளோ புகுந்து கிளம்பி
எங்களிடம் வந்து சேரும்போது
அதற்கே மூச்சு வாங்கும்.

நிற்கிற இறக்கையை அது முகத்தில் அறைந்தது.
அறை பின்னுக்குத் தள்ளுமே தவிரச் சுற்றாது.
ஒரு விரல் முன்னே.
ஒரு விரல் பின்னே.
ஜெனரேட்டருக்குள் காந்தங்கள்
இரும்புப் பற்களைப் பிடித்த பிடியை விடவில்லை.
ஓடத் தொடங்கிவிட்டால் தெரியவே தெரியாத பிடி.

எனக்கு அதைத் தெரியும்.
என் பெயர் கோமகன்.
பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது
க் வரை வந்து நிற்பேன்.
நாக்கின் பின்புறம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
வகுப்பு காத்திருக்கும், சில நாள் கருணையோடு.
மெய்யெழுத்து, தலையில் புள்ளி,
உயிர் வந்து ஏறினால்தான் நகரும்.
தொடங்கிவிட்டேன் என்றால் அரைமணி நேரம் பேசுவேன்.
அதுவரை இருந்து கேட்டவர் குறைவு.

மதியம் நூருல்ஹுதா தன் இறக்கைகளோடு வந்தாள்.
அழகில்லை என்று சொல்லிவிட்டேன்,
சொல்லி முடிக்க நேரமானாலும்.
அடியில் சோற்றகப்பை போல அகன்று
காற்று போகும் திசைக்கே முறுக்கிக்கொண்டு,
மேலே போகப் போக மெலிந்து, சாய்ந்து,
நுனியில் ஏறத்தாழப் படுத்திருந்தது.
உள்ளே குடைந்திருந்தாள். ஒரு கையில் மூன்றையும் தூக்கினாள்.

"நுனிதான் சம்பாதிக்கும்," என்றாள்.
"அதைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது அடி."

மாற்றிப் பூட்டினோம். இரண்டு புள்ளி நாலு.
நடுங்கியது. ஒரு பல் தாண்டியது. நின்றது.
இன்னொன்று தாண்டியது.
பிறகு நெடுநேரம்
விரல் விட்டு எண்ணக்கூடிய சோம்பல் சுற்றுகள்.
கோப்பி-ஓ பொட்டலத்தின் உறிஞ்சியைக் கடித்தபடி
செங் ஹுய் நேரம் குறித்தாள்.
நாற்பது விநாடி.
அறுபது.
எண்பத்து மூன்றில்
எண்ண முடியாமல் போயிற்று.

என் பக்க நியாயமும் ஒன்று உண்டு.
வியாழன் விடியலில் சுமத்ரா சூறை வந்தபோது
கம்பத்தில் இருந்தவை என் இறக்கைகள்.
ஒரே உதறலில் எழுந்து
அவளுடையவை தொட்டிராத வேகத்தைத் தொட்டிருக்கின்றன.
பதிவுக்கருவியில் இருக்கிறது, இருபத்தொரு நிமிடம்.
அதற்குப் பிறகு மழை.
மழைக்குப் பிறகு சாதாரணக் காற்று,
இந்தத் தீவில் பெரும்பாலும் வீசுகிற அதே காற்று.
ஞாயிறு வரை
ஒரு விரல் முன்னே, ஒரு விரல் பின்னே.

திங்கட்கிழமை புதுக் கட்டையை எடுத்தேன்.
நுனி என்னுடையது.
அடிக்கு அவள் இறக்கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தேன்.
மரத்தூள் இமையில் ஒட்ட
இரவு பத்து வரை இழைத்தேன்.
முறுக்கு சரியாக வரவில்லை.
மறுபடியும் இழைக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை கூட்டம். குளிர்சாதனத்தின் உறுமல்.
புது மேலாளர் மேசையைச் சுற்றிப் பெயர் கேட்டு வந்தார்.
எந்த மொழியில் சொன்னாலும்
என் பெயர் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது.

க்

எதிர் நாற்காலியில் நூருல்ஹுதா.
கையில் நேரங்காட்டி இருந்தது.
அவள் அதை அழுத்தவில்லை.