ஏற்கெனவே உள்ள கீறல்கள்

படிவத்தில் அப்படியொரு கட்டம் உண்டு.
பதினாறு வருடத்தில் அது காலியாகப் போனதில்லை.
கதவுப்பிடி, சமையல்மேடை, குழந்தையின் பல்,
விவாகரத்தன்று சுவரில் எறிந்தது.
யார் எதைக் கொண்டுவந்தாலும்
எழுத ஏதாவது இருக்கும்.

தோர்கெல் சாண்டின் கொண்டுவந்ததில் இல்லை.

கோத்தன்பர்க் துறைமுகத்தில்
கப்பல்களுக்கு வழிகாட்டுபவர்.
ஆடும் படகிலிருந்து கயிற்றேணி பிடித்து
இரும்புச் சுவர் ஏறும் கைகள்;
வடம் அறுத்த தழும்பு
கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை.
அந்தக் கையால், பச்சைக் கம்பளித் துணிமேல்
முட்டையை வைப்பதுபோல் வைத்தார்.
தங்கம்.
கடையில் ஒட்டித் தந்த பிளாஸ்டிக் தாள்கூட
இன்னும் உரியவில்லை.

"பதினொரு வருடம். இழுப்பறையில்தான் இருக்கிறது.
ஞாயிறுதோறும் சாவி கொடுப்பேன்.
இப்போது நாளுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது."
எண்ணெய் காய்ந்திருக்கும் என்றேன்.
"கட்டவே இல்லையே."
கட்டாவிட்டாலும் காயும் என்றேன்.
அவருக்கு அது அநியாயமாகப் பட்டது.

பதினான்கு படம் எடுத்தார்.
ஜன்னலோரம் இரண்டு, விளக்கடியில் எட்டு,
மற்றவை எதற்கென்று தெரியவில்லை.
"ஒரு கீறல்கூட" என்று தொடங்கி
முடிக்காமலே நிறுத்தினார்.
கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் உறைத்தது:
இனி விழுவது எதுவானாலும் என்னுடையது.

மோதிரத்தைக் கழற்றினேன்.
பித்தான் வைத்த சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.
பட்டைக்கும் உடலுக்கும் நடுவே ஒளிந்திருக்கிற
சின்ன வில்லூசியைத் தள்ளும்போதுதான்
கருவி வழுக்கும்.
இந்தத் தொழிலின் பாவமெல்லாம்
அந்த ஒரு மில்லிமீட்டரில் நடப்பது.
நான்கு கொம்புக்கும் நாடா ஒட்டினேன்,
போதாதென்று அதன்மேல் இன்னொன்று.
பின்மூடியைத் திறக்கப் பல்வைத்த சாவியை எடுக்கவில்லை;
ரப்பர் பந்தை அழுத்தித் திருகினேன்.
மூச்சு விடுவதைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

உள்ளே, எண்ணெய் இருந்த இடமெல்லாம்
தேநீர்க் கறைபோல் பழுப்பு.
யாரும் தொடாமல் காய்ந்தது.

ஆறு வாரம் கழித்து
பாதி மழை, பாதி பனி விழுந்த மதியத்தில்
சொந்த உருப்பெருக்கியோடு வந்தார்.
பார்த்தார். திருப்பினார். பார்த்தார்.
"இங்கே."
விளிம்பில், ஏழு மணிக்குக் கீழே, மயிரிழை.

என் வயிற்றில் ஏதோ நழுவியது.
பதினான்கு படங்களையும் விரலால் தள்ளிக்கொண்டே போனார்.
ஒன்றிலும் அது இல்லை.
மெருகேற்றி அழித்துத் தருகிறேன் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
மெருகு என்பதும் கீறல்தான்,
எண்ணமுடியாத அளவு பொடிப்பொடியாக.
சொல்லவில்லை.

கண்ணாடியை வாங்கி என் கண்ணில் பொருத்தி
கடிகாரத்தை மெல்லச் சுழற்றினேன்.
கடிகாரம் சுழன்றது.
கீறல் நின்ற இடத்திலேயே நின்றது.

"நீங்களே சுழற்றுங்கள்" என்று கொடுத்தேன்.
சுழற்றினார். நெடுநேரம்.
மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை;
உருப்பெருக்கியைச் சட்டை நுனியால் துடைத்தார்,
துடைத்தால் போய்விடும்போல.

கட்டிக்கொள்கிறீர்களா என்றேன்.
தழும்பின் வால் முடிகிற இடத்தைப் பார்த்தார்.
"பெட்டியிலேயே வையுங்கள்.
அந்தத் தாளையும் திரும்ப ஒட்டிவிடுங்கள்."

ஒட்டினேன். ஒரு மூலையில்
காற்றுக்குமிழி நின்றுவிட்டது.
அவர் கவனிக்கவில்லை.

ஜன்னல் வழியே தெரிந்தார்:
டிராம் நிறுத்தத்தில், பெட்டியைக்
கோட்டுக்குள் அணைத்தபடி,
பக்கத்தில் நின்ற மாணவியிடம்
மணி கேட்டுக்கொண்டிருந்தார்.