எண் 1043

ருசைலில் டயர்க் கிடங்குக்கு மேலே, இரண்டாம் மாடி.
பதினெட்டு லினக்ஸ் கணினிகள்.
கடலடிப் பாறை திருப்பி அனுப்பும் ஒலியைப்
படமாக்குவது எங்கள் பிழைப்பு.

எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும்
கடவுச்சொல்லைத் தட்டியதும்
அவர் வீடு அங்கே வந்துவிடும்:
பாதி எழுதிய அறிக்கை, பின்திரையில் மகள்,
முந்தாநாள் மூட மறந்த கணக்கு.
ஹோம் என்றுதான் அந்த டைரக்டரிக்குப் பெயர்.
பதினெட்டு இடத்தில் தெரியும்,
இருப்பது ஒரே சர்வரில்,
கழிப்பறையை ஒட்டிய அறையில்.

ஏற்பாடு என்னுடையது.
மவுண்ட் செய்யும்போது கையேடு கேட்டது:
ஹார்டா, சாஃப்டா?
சாஃப்ட் என்றால், சர்வர் வாய் திறக்காதபோது
கொஞ்சம் பார்த்துவிட்டுக் கைவிடும்.
ஹார்ட் என்றால் காத்திருக்கும்,
எத்தனை மணி ஆனாலும்.
ஹார்ட் என்றே போட்டேன்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை ஏசி நின்றது.
பதினெட்டுத் திரையும் அப்படியே உறைந்தன,
சுட்டி மட்டும் நகர்ந்தது.
'சர்வரிடமிருந்து பதிலில்லை, இன்னும் முயல்கிறேன்'
என்று ஒவ்வொரு கணினியும்
தன் குறிப்பில் எழுதிக்கொண்டது.
ஹிலால் தேநீர்க் கோப்பையோடு வந்து
"எல்லார் வீடும் ஒண்ணா இடிஞ்சுதா, ஜெசிந்தா?" என்றார்.
அட்டைப்பெட்டியால் விசிறினோம்.
நாலரை மணிக்குச் சர்வர் கண் திறந்தது.
பாதி அடித்த சொல்லின் மீதி எழுத்துகள்
தாமாகவே திரையில் விழுந்தன.

இதெல்லாம் சதக் இருந்தபோது.
கடைசியாக வந்தவர், முதலில் அனுப்பப்பட்டவர்.
பெருநாளுக்கு மறுவாரம் கடிதம் கொடுத்தார்கள்.
அவர் கணக்கை நான்தான் நீக்கினேன், ஒரே வரிக் கட்டளை.
வீட்டை அழிக்கவில்லை;
வட்டில் இடம் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

செப்டம்பரில் செபுவிலிருந்து ரொவேனா வந்தார்.
அடுத்த எண்ணைக் கணினியே கொடுத்தது: 1043.
காலியான எண்.
நான் கவனிக்கவில்லை.

மறுநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.
"சதக் என்று ஒரு ஃபோல்டர்.
உரிமையாளர் ரொவேனா என்று காட்டுகிறது.
நான் எழுதியதில்லை. எனக்குத் திறக்கிறது."

கோப்புக்குப் பெயர் தெரியாது.
அதன் முதுகில் எழுதியிருப்பது எண் மட்டும்.
பெயரைப் பிறகு நாம் ஒட்டிப் பார்க்கிறோம்.

திறந்ததைக் காட்டினார், தமிழ்.
"வரி வரியாக உடைந்திருக்கிறதே, கவிதையா?"
இல்லை, ரொவேனா.
எட்டுப் பேர் தங்கும் அறையில் சமையல் முறை.
வியாழன் சதக், சூரை மீன்.
வெள்ளி, தண்ணீர் கேன் பாக்கி மூன்று ரியால்.
அதற்குக் கீழே ஓவர்டைம் மணிகள், தேதி போட்டு.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
சம்பளச் சீட்டில் இந்த மணிகள் வந்ததில்லை.

இதை யார் பேருக்கு மாற்றுவது?
ஆளில்லாதவற்றுக்கு நோபடி என்றொரு பயனர் உண்டு.
எனக்கு அது பழக்கம்:
என் மேசையில் நான் ரூட், எதையும் திறப்பேன்.
வலையைத் தாண்டிச் சர்வரின் கதவைத் தட்டினால்
அது என்னையும் நோபடி என்றே எழுதிக்கொள்ளும்.
அந்த விதியையும் போட்டது நான்தான்.

சர்வர் அறைக்குள் போய், குளிரில் நின்றபடி
சதக்குக்குப் புது எண் போட்டேன், 1044.
உள்ளே நுழைய முடியாது, கடவுச்சொல் கிடையாது.
சொந்தம் மட்டும் உண்டு.
அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்து
காயல்பட்டினத்துக்கு அனுப்பினேன்,
வேலை போகக்கூடிய காரியம் என்று தெரிந்தே.

மூன்றாம் நாள் பதில்:
"212 இல்ல, 214.
கடைசி நாள் ரெண்டு மணி எழுத விட்டுட்டேன்.
நீங்களே திருத்திருங்க."

மேசையிலிருந்து திறந்தேன்.
அனுமதி இல்லை என்றது.

சர்வர் அறைச் சாவி எங்கே வைத்தேன்?