பெட்டிக்கு ஒரு ரூபாய்

ராயக்கோட்டை மண்டியில்
தக்காளி ஏறும், இறங்கும். விலையைச் சொல்கிறேன்.
பெட்டியைத் தூக்க என்னால் இனி ஆகாது.
அக்குளில் முடிச்சுகளை எடுத்தபின்
பொழுது சாய்ந்தால் இடது கை
ஊறப்போட்ட அவரைக்கொட்டைபோல் உப்பும்.
அதனால்தான் கணக்கெழுத உட்கார்ந்தேன்.

பெட்டிக்கு ஒரு ரூபாய் என்று
முதலில் கேட்டது திம்மக்கா.
கர்ப்பப்பை போய் நாலு வருஷம்,
குரலை மட்டும் யாரும் எடுக்கவில்லை.
"எதுக்கு?" என்றார் ஏலம் விடும் மாதேஷ்.
"பொழைச்சதுக்கு."

ஆப்பரேஷனுக்குக் கொடுத்த ஊர்தான்,
கருமாதிக்கும் கொடுத்த ஊர்தான்.
பிழைத்தவளுக்கு என்ன செலவு என்று
யாருக்கும் பிடிபடவில்லை.

நான் எழுதி வைத்திருந்தேன்:
மூன்று மாதத்துக்கொரு முறை பெங்களூர்,
ஸ்கேன், கூலி போன நாள்,
வீங்கும் கைக்கு இறுக்கமான உறை.
நூருன்னிசா கேட்டது
பஞ்சு வைத்துத் தைத்த உள்ளாடை.
மண்டி ஆண்கள் பார்க்கும் நோட்டு இது,
'துணி' என்று மட்டும் எழுதினேன்.

கிருஷ்ணகிரி பதிவு அலுவலகத்தில்
ஏழு கையெழுத்து வேண்டுமாம்.
ஆறு பேர் போயிருந்தோம்.
சங்கத்தின் பெயர் என்ற கட்டத்தில்
'புற்றுநோயாளிகள்' என்று தொடங்கியவரின் பேனாவை
திம்மக்கா விரலால் நிறுத்தினாள்.
"நோயாளிங்க நாங்க இல்ல சார்."
"அப்ப யாரு?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
எங்களில் ஒருத்திக்கும் அந்தச் சொல் வரவில்லை.

கடைசியில் பஸ்ஸின் பெயரை வைத்தோம்.
நாங்கள் ஒருவரையொருவர் கண்டது அதில்தானே,
வாந்திக்கு ஒரே பாலிதீன் பையைக் கைமாற்றி.
நாலரை மணி பஸ் நலச் சங்கம்.
ஏழாவது கையெழுத்து கண்டக்டர் சிக்கண்ணன்.
ஜன்னல் சீட்டை எங்களுக்கென்று
துண்டு போட்டு வைத்தவர்.

ஆறு மாதம் தகர டப்பா நன்றாகக் குலுங்கியது.

பிறகு கிலோ இரண்டு ரூபாய்க்கு வந்தது.
ஓசூர் ரோடு ஓரமெல்லாம் சிவப்பு;
மாடுகளும் தின்று சலித்துவிட்டன.
டப்பாவை மேசைக்கடியில் தள்ளி
முந்தானையால் மறைத்தேன்.
கேட்க வாய் வருமா?

உத்தனப்பள்ளி எல்லப்பன்
கொட்டிவிட்டு வந்த காலிப் பெட்டிகளை
என் முன்னால் அடுக்கினார். முகம் பார்க்கவில்லை.
"நாப்பது. எழுதிக்கோ."
"வித்தாத்தானே அண்ணா?"
"எழுதிக்கோன்னா."

எழுதினேன். தேதி, பெயர், நாற்பது,
அதற்கு நேராகப் பாக்கி.

பாக்கி.
இந்தச் சொல் அன்றைக்கு
அந்த மின்விசிறிக்குக் கீழே
வந்திருக்கலாம்.