கண்ணாடியின் முதுகுப்பக்கம்

நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
இருபத்தாறு வருஷம் சரக்குப் பெட்டி தூக்கியவன் நான்.
இடக்கை இழுத்துப் போகும்,
வலக்கை ஏற்றும், இறக்கும்.
ரியேகா துறைமுகத்தில்
முப்பது டன்னை லாரிமேல் வைக்கும்போது
ஓட்டுநர் சூயிங்கம் மெல்வதை நிறுத்தமாட்டார்.
அவ்வளவு மெதுவாக வைப்பேன்.

இப்போது ஒரு கையுறை
என் விரல்களை ஓட்டுகிறது.

விரலுக்கொரு குழாய்.
உஸ்ஸென்று காற்று ஏறினால் கை விரியும்,
இறங்கினால் மூடும்.
திரையில் ஓர் ஆப்பிள் மரம்,
பறித்தால் மணி அடிக்கும்.
மூலையில் கணக்கு:
இயந்திரம் எழுபத்தெட்டு சதவீதம், நீ இருபத்திரண்டு.
"போன வாரம் பதினெட்டுதான், பார்பா" என்கிறாள் லொரேனா.
(இந்தக் கரையில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை.)
நாலு சதவீதம்
ஒரு தும்மலாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் கண்ணாடி.
நெஞ்சுக்கு நேரே, மேசைமேல் நட்டுக்குத்தலாக.
அதன் பின்னால் வலக்கையை ஒளித்துவிட்டு
முன்னால் இடக்கையை ஆட்டவேண்டும்.
உள்ளே வலக்கை ஆடும்.
அதைப் பார்த்து மூளை ஏமாறவேண்டும், அதுதான் வைத்தியம்.
என் மூளை
சுங்க அதிகாரிகளோடு பழகியது.
லேசில் ஏமாறாது.

உள்ளே இருந்த கையில்
எஃகுக் கயிறு கிழித்த தழும்பு. அது இடக்கையின் தழும்பு.
மோதிரம் இல்லை.
எங்கள் ஊரில் கல்யாண மோதிரம் வலக்கைக்கு.
"இது எவனோ பிரம்மச்சாரியின் கை" என்றேன்.
தழும்புக்கு பிளாஸ்திரி ஒட்டினாள்.
மோதிரத்துக்கு அவளிடம் மருந்தில்லை.

விழுந்த இரவு விரல் வீங்கி
அவசரப் பிரிவில் வெட்டி எடுத்த மோதிரம் அது.
உறையில் போட்டு, கரண்டி வைக்கும் இழுப்பறையில்
வைத்திருந்தாள் நெவென்கா.
என் சட்டைக்குப் பித்தான் போடும்போது
முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் பழகியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை புரா காற்று.
பாலத்தை மூடிவிட்டார்கள்.
எப்படியோ வந்து சேர்ந்தாள்,
வாரிப்போன தலையோடு.
பற்றவைத்த மோதிரம், பற்றிய இடத்தில் சின்னத் தடிப்பு.
ஒன்றும் சொல்லாமல்
என் இடக்கையில் மாட்டினாள்.
கண்ணாடிக்குள்
வலக்கைக்குக் கல்யாணமாயிற்று.

பொய்தான்.
ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"பிடிங்க" என்றாள் லொரேனா. பிடித்தேன்.
"விடுங்க."

கிரேனிலும் இதேதான்.
தூக்குவதை எந்தப் பயலும் தூக்குவான்.
காற்றில் ஆடுவதை ஆடாமல் இறக்கி
நாலு மூலைப் பூட்டும் திறந்து
வெறுங்கையாக மேலே வருவதற்குத்தான் சம்பளம்.

விடு. விடு.
கண்ணாடிக்குள் விரல்கள் விரிந்தன.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதனால் பார்க்கவில்லை.

பார்த்தவள் நெவென்கா,
கண்ணாடியின் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்தவள்.
வாயைப் பொத்திக்கொண்டாள்.
"எது?" என்றேன்.
மோதிர விரலைத் தூக்கினாள்,
இல்லை இல்லையென்று
சுண்டுவிரலுக்கு மாற்றினாள்.

சுண்டுவிரல்!
இருபத்தாறு வருஷத்தில்
லீவர் பக்கமே எட்டிப் பார்க்காத சோம்பேறி.

மறுபடி செய் என்கிறார்கள் இரண்டு பேரும்.
எப்படிச் செய்தேன் என்று யாருக்குத் தெரியும்?
கையுறை இல்லை, மணி இல்லை,
சதவீதம் சொல்லத் திரையும் இல்லை.

கப்பலின் அடிவயிற்றில்
என் கண்ணுக்கு எட்டாத மூலையில் பெட்டி இறங்கும்போது
கீழே நிற்கிற ஒருவன் ரேடியோவில் சொல்வான்.
அவன் குரலைப் பிடித்துக்கொண்டுதான்
இறக்குவேன்.

நாற்காலியைக் கிட்டே போடு, நெவென்கா.
அங்கிருந்து சொல்லு.

"இன்னும்" என்கிறாள்.
"இன்னும்.
கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்."