காலருக்கு மேலே

விதி ஒன்பது:
முடி காலரைத் தொடக்கூடாது.
கறுப்பு வலை, கறுப்பு ஊசி.
பூ கிடையாது, தொங்கும் ரிப்பன் கிடையாது.
அட்மிஷன் ரசீதோடு பின் அடித்துத் தந்தார்கள்.
அன்றைக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்தால்
என் பின்னல் மேலேயே உட்காருவேன்.

தருமபுரி விடுதிக் குழாய்
ஐந்துக்குத் திறக்கும், ஐந்தே முக்காலுக்கு நிற்கும்.
முப்பத்திரண்டு பேர், நான்கு குழாய்.
எங்கள் பற்களில் பழுப்புக் கோடு போட்ட
அதே தண்ணீர்.
சீயக்காய்க்கும் மசியாது, ஷாம்புக்கும் நுரைக்காது.
என் தலைக்கு இரண்டரை வாளி.
காய்வதற்குள் வகுப்பு தொடங்கிவிடும்.
ஈரத்தோடு முடிந்தால் மதியத்துக்குள்
கொண்டைக்குள் புழுங்கல் வாடை.
அனாடமியில் கடைசி பெஞ்சுக்குப் போனேன்,
எனக்குப் பின்னால் மூக்கு எதுவும் இருக்கக்கூடாதென்று.

பதினேழு ஊசி.
இறுக்கினால் நெற்றிப்பொட்டு தெறிக்கும்.
தளர்த்தினால், படுக்கை விரிப்பின் மூலை மடிக்கக் குனிகையில்
ஒரு பக்கமாய்ச் சரியும்.
நடுவில் பிளந்து புடைத்த ஒரு நாள்
"ரெட்டைக்கூடு" என்றாள் நாகரத்தினா.
அவள் வீட்டிலும் பட்டுப்புழு, எங்கள் வீட்டிலும்.
இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூட்டை
அங்காடியில் தனியே ஒதுக்கி
அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

ஷப்ரீன் கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போதே
கழுத்தோடு வெட்டி வந்திருந்தாள்.
ஒரே ரப்பர் பேண்டு, ஆறு நொடி.
கெம்பம்மா எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டு
தலையைச் சுற்றிச் சும்மாடு போல் கட்டுவாள்.
ஜெசிந்தா ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள்;
சர்ச்சுக்கு முக்காடு போட்டால்
யாருக்குத் தெரியும் என்றாள்.

செய்முறை எண் பதினான்கு:
படுத்த நோயாளிக்குத் தலை கழுவுதல்.
நோயாளியாகப் படுக்க ஆள் வேண்டும்.
எல்லா விரலும் என்னைக் காட்டின.
மெக்கின்டாஷ் ஷீட்டின் ஓரம் சுருட்டி
வாய்க்கால் கட்டி வாளியில் விட்டார்கள்.
கொடுத்த நேரம் இருபது நிமிடம்.
ஐம்பத்தைந்தாவது நிமிடம் கரை உடைந்தது.
மல்லாந்து கிடந்த எனக்கு
தலைகீழாய் நான்கு முகம்,
மூக்கு நுனியில் வியர்வை.
ஒருத்தியாவது திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை நான்கு ரோட்டுப் பக்கம்
மாடியில் ஒரு பார்லர்.
"ஸ்டெப்பா, லேயரா?"
"காலருக்கு மேலே."
"அது அளவும்மா. ஸ்டைல் என்ன?"
"குனிந்தால் விழக்கூடாது."
சிரித்துவிட்டு வெட்டினாள்.
பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்ததைத்
தூக்கிப் பார்த்தேன்:
அரைக் கிலோ தக்காளிகூட வராது.
இதற்கா இரண்டரை வாளி?

மாரண்டஹள்ளிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு அம்மா கேட்டாள்:
"அப்ப, பேன் சீப்பை
உன் தங்கச்சிக்குக் குடுத்துடட்டுமா?"

மிச்சமான முப்பது நிமிடத்தை
முதல் மாதம் முழுக்கத் தூங்கினேன்.

பெண்கள் எலும்பு வார்டு, ஏழாம் கட்டில்.
புளி உலுக்க ஏறி விழுந்த பவுனம்மாள்.
காலில் கட்டித் தொங்கும் எடை,
மூன்று வாரத் தலை,
தலையணையோடு ஒட்டிய சிக்கு.
வெட்டிவிடலாம் என்றார் சிஸ்டர், கத்தரியோடு.
பவுனம்மாள் சிக்கை முஷ்டியால் பிடித்துக்கொண்டு
என் கழுத்தைப் பார்த்தாள்.
"நீ வெட்டிக்கினது உன் இஷ்டம்.
எனக்கு வேணாம்."

மெக்கின்டாஷைச் சுருட்டினேன்.
முதலில் எண்ணெய்.
நுனியிலிருந்து மேலே, சீப்பில்லாமல், விரலால்.
அன்று பாதி. மறுநாள் மீதி.
கரை உடையவில்லை.
ரெக்கார்டு நோட்டில் நேரம் எழுதும் கட்டம்
காலியாகவே இருக்கிறது.

நடுவில் ஒருமுறை
குனிந்த வேகத்தில் என் இடது கை
முன்னால் சரியும் பின்னலை
முதுகுக்குத் தள்ளப் போய்
காற்றைத் தள்ளியது.
கண்ணை மூடிக் கிடந்தவள் பார்த்துவிட்டாள்.

"கொசுவா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.